வளைத்தால் வெடிக்கும் கம்பி

கேள்வி: வீடு கட்ட 8 எம்எம் கம்பி, 500 ரகம், வாங்கினேன். ரிங் வளைக்கும்போதே கீறல் விடுகிறது. “எல்லாமே பழைய இரும்பை உருக்கிச் செய்வது, அப்படித்தான் இருக்கும்” என்கிறார் கடைக்காரர். (மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: அந்தப் பேச்சை நம்பாதீர்கள். பழைய இரும்பை உருக்குவதில் குற்றமில்லை. பிரித்துப் போட்டு உருக்கினால் கம்பி நன்றாகவே வளையும். மோட்டாரில் சுற்றிய தாமிரத்தைக் கழற்றாமல் உலையில் போடுகிறார்களே, அங்கேதான் வினை. ஆக்சிஜன் ஊதினாலும் தாமிரம் போகாது, இரும்புதான் முதலில் எரியும். பழுக்கக் காய்ச்சி உருட்டும்போது மேல் இரும்பு செதிலாக உதிர, தாமிரம் பரப்பில் திரண்டு வெடிப்பு உண்டாக்கும். டப்பாவில் பூசிய வெள்ளீயமும் சேர்ந்தால் இன்னும் மோசம். பாஸ்பரஸ் மிகுந்தால் எஃகு நொறுங்கும். சிறு ஆலைகளில் உள்ள இண்டக்‌ஷன் உலையில் (மின்காந்தத்தால் உருக்கும் உலை) அதை எடுப்பது கடினம்.

கட்டுமானக் கம்பிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1786-ன்படி 500 ரகத்தில் பாஸ்பரஸ் 0.055 சதவீதம் வரைதான் இருக்கலாம். இன்னும் நன்றாக வளையக்கூடிய 500டி ரகம் என்றால் 0.040. உங்கள் கம்பியை 32 மில்லிமீட்டர் உருளையைச் சுற்றி 180 டிகிரி வளைத்தாலும் கீறக் கூடாது. கம்பி கட்டுபவர் மெல்லிய ஆணியில் வளைத்தாரா என்று முதலில் பாருங்கள். அப்படி இல்லையென்றால் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கி வையுங்கள், ஒரு துண்டுகூட கான்கிரீட்டுக்குள் போக வேண்டாம். சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். கட்டில் தொங்கும் அட்டையிலுள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபாருங்கள். கடைக்காரர் மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.

கேள்வி: இடித்த வீட்டுக் கம்பியை நிமிர்த்தி லிண்டலுக்குப் போடலாமா? (முதலியார்பேட்டை)

பதில்: கூடாது. காயலான் கடையில் போடுங்கள்.

கேள்வி: 12 எம்எம் கம்பி எடை குறைவு போலத் தெரிகிறது. பில் வாங்கவில்லை. (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லையா? எத்தனை முறைதான் எழுதுவது! மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும், கொஞ்சம் ஏற இறங்க இருக்கலாம். நிறுத்துப் பாருங்கள். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த விவரத்தை எடுத்து வையுங்கள்.

கேள்வி: சின்னப் பட்டறையில் தகடு மடித்துப் பெட்டி செய்கிறேன். இந்த முறை வந்த தகடு மடிப்பில் பிளக்கிறது. (வில்லியனூர்)

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். “கெட்டித் தகடு” என்று சத்தியம் செய்து என்னிடம் விற்ற பீரோவில், கதவு மடிப்பில் பெயிண்டுக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. உப்புக் காற்றில் அதன் வழியே துரு இறங்கிவிட்டது. மடிக்கும் தகட்டுக்கு அதற்கான இந்தியத் தரமான ஐஎஸ் 513 என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிழைப்புக்காக நீங்களே நடத்தும் பட்டறை என்றால் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். பிளந்த துண்டையும் பில்லையும் பத்திரமாக வைத்து, 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள்.