கேஸ் தீர்ந்துபோகாது: ஏசி, கூலர், கீசர் பற்றிய கேள்விகளும் பதில்களும்

திருச்சியில் 24 வருடமாக ஏசி, ஃபிரிட்ஜ், கீசர் வேலை பார்க்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் தினமும் ஐந்தாறு வீடு ஏறி இறங்குவேன். மெஷின் பழுதால் ஆகும் செலவைவிட, யாரோ சொன்னதை நம்பி ஜனங்கள் செய்யும் செலவு அதிகம். அது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால் கேட்டவர்கள் எல்லோருக்கும் பொறுமையாகவே பதில் எழுதுகிறேன்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, ஒவ்வொரு வருஷமும் சர்வீஸுக்கு வருகிறவர் "கேஸ் குறைஞ்சிருக்கு, ஃபில் பண்ணணும்" என்று மூவாயிரம் ரூபாய் வாங்கிப் போகிறார். கேஸ் வருஷத்துக்கு ஒரு தடவை தீர்ந்துவிடுமா?

தீராது தம்பி. பெட்ரோல் மாதிரி எரிந்து போகிற சாமான் இல்லை அது. அறைக்குள் இருக்கும் காயிலில் வெப்பத்தை வாங்கி ஆவியாகும். கம்ப்ரஸர் அதை அழுத்தி வெளியே தள்ளும். வீட்டுக்கு வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டியில் அந்த வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பத்து வருஷம் ஓடிய ஏசியிலும் முதல் நாள் போட்ட கேஸே இருக்கலாம். நான் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. அடுத்த முறை அவர் வந்தால் லீக் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். நீங்களே பார்ப்பதானாலும் பார்க்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கொஞ்சம் சோப்பு நுரையை அவுட்டோரில் பைப் சேரும் பித்தளை நட்டு மேல் தடவி இரண்டு நிமிடம் உற்றுப் பாருங்கள். லீக் இருந்தால் கடுகு அளவுக்கு ஒரு குமிழி மெதுவாக ஊதிக்கொண்டு வரும், உடையும், அதே இடத்தில் இன்னொன்று வரும். ஓடும்போது மெல்லிய பைப்பில் வெள்ளையாகப் பனி படிந்தாலும் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். ஆனால் அதற்கு முன்னால் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தாலும் பனி கட்டும்.

மதுரையிலிருந்து: வெயிலில் வந்ததும் 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிராகும்தானே சார்?

ஆகாது. 16 என்பது மெஷின் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான எண். எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று அது சொல்வதில்லை. அறை 34-ல் இருக்கும்போது 24 வைத்தாலும் 16 வைத்தாலும் கம்ப்ரஸர் முழுமூச்சாகத்தான் ஓடும். 24-க்கு வர அநேகமாக ஒரே நேரம்தான் பிடிக்கும். என்ன வித்தியாசம் என்றால், 24 வைத்தவர் வீட்டில் அங்கே வந்ததும் மெஷின் மூச்சு விடும். 16 வைத்தவர் வீட்டில் ராத்திரி பூரா இரைக்க இரைக்க ஓடும், மே மாத மதுரையில் 16-ஐத் தொடவும் தொடாது.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2020 ஜனவரி 1 முதல் புதிய ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் நிற்க வேண்டும் என்று விதி கொண்டு வந்தது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. சீக்கிரம் குளிர வேண்டும் என்றால் ஏசியின் ஃபேன் வேகத்தைக் கூட்டுங்கள், சீலிங் ஃபேனையும் போடுங்கள். 26-ல் ஃபேனோடு தூங்கிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

கரூரிலிருந்து: இன்வெர்ட்டர் ஏசி வாங்கியிருக்கிறோம். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் என்று கடையில் சொன்னார்கள். ஓடவில்லையே?

கடைக்காரர் அப்படிச் சொன்னது தவறு. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி கரண்ட்டை வீட்டு லைனில் வருகிற மாதிரி மாறுதிசை மின்சாரமாக மாற்றுகிறது. இன்வெர்ட்டர் ஏசி என்பது கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட் உள்ள ஏசி. 150 ஏஹெச், 12 வோல்ட் பேட்டரியில் முழுசாக இருப்பதே 1.8 யூனிட்தான். ஒன்றரை டன் ஏசி முழுவேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும். அதோடு, வீடுகளில் இருக்கும் 850 விஏ இன்வெர்ட்டர் அந்தச் சுமையைத் தாங்கவே தாங்காது. தயவுசெய்து அந்த லைனில் ஏசியை மாட்டாதீர்கள்.

சென்னை ராயபுரத்திலிருந்து: ஏர் கூலர் வாங்கினேன். அறையை நன்றாகச் சாத்திவிட்டுத்தான் போடுகிறேன். உடம்பெல்லாம் பிசுபிசு என்று ஆகிறது. மெஷின் கோளாறா?

மெஷின் சரியாகத்தான் வேலை செய்கிறது அம்மா. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? வெளிப்பக்கம் கசிகிற ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கூலரும் அதேதான். காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் கூலர் காற்றை 27, 28 வரைக்கும் இறக்கிவிடும். கடற்கரை ஓரத்தில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் இருக்கும்போது 30-க்குக் கீழே போகவே வழியில்லை. அதிலும் நீங்கள் ஜன்னலைச் சாத்தினால் அறையில் ஈரம் ஏறிக்கொண்டே போய், கொஞ்ச நேரத்தில் ஆவியாவதும் நின்றுவிடும். கூலருக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள், கூலரின் முதுகு வெளிக்காற்றைப் பார்த்து இருக்கட்டும். பிசுபிசுப்பு குறையும். ஆனால் ராயபுரத்தில் அது பெரிய சுகம் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணம் செலவழித்துவிட்டீர்கள், வருத்தமாகத்தான் இருக்கிறது. வேலூர், திருச்சிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு நன்றாக உதவும்.

சென்னை அடையாறிலிருந்து: 110 சதுர அடி அறைக்கு 2 டன் போட்டால் பவர்ஃபுல்லாக இருக்குமே? டன் என்றால் என்ன எடை அது?

எடை ஏசியுடையது இல்லை, ஐஸுடையது. மெஷின் வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் பனிக்கட்டியை வைத்துத்தான் குளிர்ச்சியை அளந்தார்கள். 2,000 பவுண்டு ஐஸ், அதாவது நம் கணக்கில் சுமார் 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று பெட்டியில் போட்டிருப்பதும் அதேதான்.

சின்ன அறைக்குப் பெரிய ஏசி போட்டால் ஐந்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும், கம்ப்ரஸர் நின்றுவிடும். காற்றில் இருக்கும் ஈரம் காயிலில் பட்டுத் தண்ணீராகி வடிய நேரமே கிடைக்காது. குகைக்குள் படுத்த மாதிரி சில்லென்று ஈரமாக இருக்கும். ஈரத்தை எடுப்பது ஏசிக்குப் பிறவி வேலை. 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் ஏசியை வடிவமைத்ததே நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காகத்தான். ஈரத்தில் காகிதம் விரிந்து கலர் பிரிண்ட் விலகிப்போனது, அதைச் சரிசெய்யத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். உங்கள் அறைக்கு ஒரு டன் போதும். மொட்டை மாடிக்கு நேர் கீழே என்றால் ஒன்றேகால், ஒன்றரை வரை யோசிக்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து: எங்கள் வீடு மேல்மாடி. ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் போட்டால் அனல் அடிக்கிறது. பழைய ஃபேன் சூடாகி அனலை வீசுகிறது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

ஃபேனை மாற்றினாலும் அனல் போகாது. அது கான்கிரீட்டின் சூடு. காலையிலிருந்து தளம் வெயிலை வாங்கிச் சேர்த்து வைக்கிறது. அந்தச் சூடு மெல்ல இறங்கி உள்கூரைக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உங்கள் தலைக்கு மேலே தோசைக்கல் சூடாகவே இருக்கிறது. ஏணி போட்டு உள்ளங்கையைக் கூரையில் வைத்துப் பாருங்கள், எட்டு மணிக்கும் கதகதவென்று இருக்கும். ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, நம் வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். கூரையை ஒட்டி நிற்கும் சூட்டுக் காற்றைக் கீழே தள்ளினால் அனலாகத்தான் படும்.

பணத்தைக் கூரை மேலே போடுங்கள். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, அடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடு பதித்தார்கள். அப்படி நன்றாகப் போட்ட தளம் இருந்தால் அதை உடைத்து எடுக்காதீர்கள். வெறும் சிமென்ட் தளம் என்றால் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள், முடியாவிட்டால் சுண்ணாம்பாவது அடியுங்கள். ஒரு மே மாத மத்தியானம் எங்கள் மாடியில் பாதி அடித்திருந்த நேரத்தில் வெறுங்காலோடு நடந்தேன். சாம்பல் நிறத் தளத்தில் மூன்றாவது அடி வைக்க முடியவில்லை. வெள்ளைப் பக்கம் வந்ததும் நிற்க முடிந்தது. கூரைக்கு அடியில் ஏசி போடப் போகிறவர்களும் முதலில் இதைச் செய்யுங்கள், சின்ன ஏசி போதுமானதாகிவிடும்.

ஃபேன் மாற்ற வேறு நல்ல காரணம் இருக்கிறது. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட் பக்கம். தினம் 12 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் குறையும். நம் ஊரில் 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமே மாறிவிடுவதால், எல்லையில் நிற்கிற வீட்டுக்கு இந்த 32 பெரிய விஷயம்.

ஈரோட்டிலிருந்து: ஏசி வெளிக்காற்றைச் சுத்தம் செய்து உள்ளே அனுப்புகிறதுதானே? நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் படுக்கிறோம். காலையில் தலை கனமாக இருக்கிறது.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. சுவரில் போகும் இரண்டு செப்புப் பைப்பிலும் கேஸ்தான் ஓடுகிறது. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் திருப்பித் திருப்பி விடுகிறது. படுக்கும் முன் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ராத்திரி கதவை ஒரு விரல் அளவு விட்டு வையுங்கள். கொஞ்சம் கரண்ட் கூடினாலும் பரவாயில்லை. அப்புறம், சாத்திய ஏசி அறையில் கொசுவத்திச் சுருள் ஏற்றவே ஏற்றாதீர்கள். புகை போக வழி கிடையாது, குழந்தைகள் அதையேதான் விடிய விடிய சுவாசிக்கும்.

கும்பகோணத்திலிருந்து: கீசரை அணைத்து அணைத்துப் போட்டால் கரண்ட் கூடும், நாள் முழுக்க ஆனிலேயே விடு என்கிறார் மாமனார்.

மாமனாரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 15 லிட்டர் தண்ணீரை 28-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும். 2,000 வாட் கீசரில் 17 நிமிடம். ஆனில் விட்டால் டாங்கி ஆற ஆற மறுபடி மறுபடி சூடேற்றும், அது முழுக்க வீண். குளிப்பதற்கு 20 நிமிடம் முன்னால் போடுங்கள், போதும்.

கொடைக்கானலிலிருந்து: ரூம் ஹீட்டர் ஆக்சிஜனை எரித்துவிடும் என்பதால் அப்பா கரி அடுப்பைத்தான் அறைக்குள் வைக்கச் சொல்கிறார். எது நல்லது?

இன்று ராத்திரியே அந்தக் கரி அடுப்பை வெளியே வைத்துவிடுங்கள். மற்ற கேள்விகளில் நஷ்டம் பணத்தோடு போகும், இதில் உயிர் போகும்.

கரண்ட் ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, கம்பி சூடாகிறது, அவ்வளவுதான். காற்று வறண்டு மூக்கு எரிவதால் ஆக்சிஜன் குறைந்த மாதிரி தோன்றும். ஆக்சிஜனைத் தின்பது கரிதான். புகையில்லாமல் சிவப்பாகக் கனன்று கொண்டிருக்கும்போதே கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலேயே போய்விடுவார்கள். சாத்திய குளியலறைக்குள் கேஸ் கீசர் வைப்பதும் இதே ஆபத்துதான்.

ஹீட்டரில் ஆயில் வகை, ஃபேன் வகை எதுவானாலும் 2,000 வாட் என்றால் தருகிற சூடு ஒன்றே. மணிக்கு இரண்டு யூனிட். ஆயில் ஹீட்டர் சத்தமில்லாமல், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு தரும், அதனால் அப்பாவுக்கு அது ஏற்றது. அதன் ஆயிலை மாற்ற வேண்டியதில்லை, சீல் செய்தது.

மறுபடி தாம்பரத்திலிருந்து: அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி சோப்பு போட்டேன். பெரிய பைப் நட்டில் குமிழி வருகிறது. இனி என்ன செய்யச் சொல்ல வேண்டும்?

ரொம்ப சந்தோஷம் தம்பி, கண்டுபிடித்துவிட்டீர்கள். இருக்கும் கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டச் சொல்லுங்கள், அதை வெளியே விடத் தேவையில்லை. பைப் வாயை வெட்டி, புதிதாக விரித்து, நட்டை முறுக்க வேண்டும். பிறகு வாக்யூம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். கேஸ் எவ்வளவு கிராம் என்று அவுட்டோர் ஸ்டிக்கரில் இருக்கும், ஆர்-32 என்ற வகைக் கேஸ் என்றால் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். அது லேசாகத் தீப்பிடிக்கும் கேஸ், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. வருகிறவர் கையில் பம்பும் தராசும் இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.