உங்கட வீட்டுல ஆருக்குக் கை பேசும்?

வணக்கம் அண்ணா,
நாங்க களுவாஞ்சிக்குடிப் பக்கம். மகளுக்கு ஆறு வயசு, பிறவியிலயே காது கேட்காது. காது மெசின் போட்டும் பெரிய சத்தம் மட்டும்தான் விளங்குது. ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் கொண்டு வாங்க சேர்ப்பம் எண்டுறார். டொக்டர் காது கேளாத புள்ளைகள்ற பள்ளிக்கூடத்தைப் பாருங்க எண்டுறார், அதெண்டா விடுதியில விடணும். மாமி ஆக்கள் ஊமைப் பள்ளிக்கூடத்துல விட்டா நாளைக்கு ஆர் கட்டுவான் எண்டு கத்துறாங்க. இப்ப எல்லாப் புள்ளைகளோடயும் ஒரே வகுப்புல விட்டுப் படிப்பிக்கிற உட்படுத்தல் கல்விதான் சரியாமே? என்ன செய்யிற?

அன்பான தங்கச்சி,

ரெண்டு நாளா உங்கட கடிதத்தைத்தான் திருப்பித் திருப்பி வாசிக்கிறன். மாமி ஆக்கள்ற கதைய விடுங்க, ஆறு வயசுப் புள்ளைக்குக் கலியாணம் பேசுற சனத்துக்கு என்னத்தைப் பதில் சொல்ற. "ஊமை" எண்ட சொல்லை மட்டும் அந்த வீட்டுல இனி ஆரும் எடுக்கக் கூடாது எண்டு கண்டிசனாச் சொல்லுங்க.

எனக்கு மூத்த அண்ணனுக்கும் காது கேட்காது. அவரும் ஊர்ப் பள்ளிக்கூடத்துலதான் இருந்தவர், கடைசி வாங்குல, அஞ்சு வருசம். அடிக்கல்ல, ஏசல்ல, நல்ல சனம்தான். கரும்பலகையில என்ன கிடந்தாலும் அப்பிடியே கொப்பியில இறக்குவார், முத்து முத்தா எழுத்து, வாத்தியார் பாதி அழிச்ச கணக்கையும் பாதி அழிஞ்ச மாதிரியே எழுதி வச்சிருப்பார். எழுத்துக்குப் பரிசும் குடுத்தாங்க. அந்தக் கொப்பியில ஒரு சொல்லு அவருக்குத் தெரியாது தங்கச்சி, "அம்மா" எண்டு எழுதியிருந்தாலும் அது ஆரு எண்டு தெரியாது. வருசா வருசம் வகுப்பேத்திக் கொண்டே போனாங்க.

மறுகா பதினொரு வயசுல, கோச்சியில மாகோவுல இறங்கி மாறி, யாழ்ப்பாணம் கைதடியில இருக்கிற காது கேளாத புள்ளைகள்ற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார் அப்பா. அம்மா அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. டிசம்பர் லீவுக்கு வந்தவர் வேற மனுசன், கை நிக்கல்ல. கோச்சியில கண்டது, விடுதிச் சாப்பாடு, கூட்டாளி ஒருத்தன் கிணத்துக்க விழப் பாத்தது, எல்லாம் கையால வருது, விளங்கிக்கொள்ள வீட்டுல ஒருத்தருமில்ல. எனக்கு ஏழு வயசு, நான்தான் பக்கத்துல குந்தி ஒவ்வொண்டாப் புடிச்சன். கரண்ட் இல்லாத வீடு, மண்ணெண்ணெய் மிச்சம் புடிக்க அம்மா குப்பி விளக்கை எட்டு மணிக்கே ஊதிருவா. அதோட அண்ணன்ட கதையும் நிண்டுரும், பாதியில. இருட்டுக்குள்ள என்ட கையைப் புடிச்சுச் சொல்லப் பாப்பார். அம்மாவுக்கு அது கடைசி வரைக்கும் விளங்கல்ல, அவவக் குறை சொல்லவும் ஏலாது, ஆரும் சொல்லிக் குடுக்கல்ல.

உங்கள நான் குறை சொல்லுவன். கடிதம் முழுக்கப் பள்ளிக்கூடம், விடுதி, மாமி, டொக்டர். மகளோட வீட்டுல எப்பிடிக் கதைக்கிறீங்க எண்டு ஒரு வரி இல்லையே? ஆறு வருசமா அந்தப் புள்ள ஆரோட கதைச்சது?

உட்படுத்தல் கல்வி எண்டு சொல்றவங்க 1994ல ஸ்பெயின்ல நாடுகள் கூடி எழுதின சலமன்கா பிரகடனத்தைத்தான் தூக்கிப் புடிப்பாங்க. அதே பிரகடனத்துலதான் காது கேளாதவங்களுக்கு சைகை மொழியில படிப்புக் கிடைக்கணும், அவங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடமோ தனி வகுப்போ கூடப் பொருந்தலாம் எண்டும் எழுதிக் கிடக்கு, அதை ஆரும் வாசிக்கிறல்ல. 2007ல இலங்கை ஒப்பமிட்டு 2016ல உறுதிப்படுத்தின, மாற்றுத்திறனாளிகள்ற உரிமைக்கான ஐநா உடன்படிக்கையும் சைகை மொழியப் படிப்பிக்கச் சொல்லுது. 1880ல இத்தாலி மிலான் நகரத்துல, காது கேளாதவங்கட கல்விக்கெண்டு நடந்த மாநாட்டுல, பெரும்பாலும் காது கேட்கிற ஆக்களே கூடி சைகை வேணாம், வாயாலதான் பேசணும் எண்டு தீர்மானம் போட்டாங்க, அது தப்பு எண்டு அதே மாநாடு கனடா வன்கூவர்ல கூடிச் சொல்ல 2010 ஆகிற்று. அதுக்குள்ள எத்தினை தலைமுறைப் புள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கும்.

அதிபர்ட்டப் போய், சைகை தெரிஞ்ச ரீச்சர் இருக்காவா எண்டு மட்டும் கேளுங்க. இல்லையெண்டா அந்த நல்ல மனுசனுக்கு நன்றி சொல்லிற்று வாங்க. விடுதிப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு முழு நாள் போய் இருந்து பாருங்க, இன்ரேவல்ல புள்ளைகள் கையால சண்டை புடிக்குதா, சிரிக்குதா எண்டு பாருங்க. எங்க விட்டாலும் நீங்களும் உங்கட வீட்டுக்காரரும் சைகை படிக்கணும், லீவுக்கு வாற புள்ளைக்கு வீடு ஊமையா இருக்கக் கூடாது.

என்ட நாடியில சின்ன வயசுத் தழும்பு ஒண்டு. அண்ணன் அதுல விரலைத் தொட்டுக் காட்டினா அது நான், என்ட பேர் அதுதான். உங்கட மகளும் உங்களுக்கு ஒரு பேர் வச்சிருப்பா, கவனிச்சுப் பாருங்க, என்னெண்டு எனக்கு எழுதுங்க.