எஸ்ஏடி தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு தேவையா?

கேள்வி: மகள் பதினோராம் வகுப்பு. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை மார்ச்சில் எழுதுகிறாள். 1,200 டாலர் கேட்கும் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: பணம் இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும். முதலில், எஸ்ஏடி எழுதப் பயன்படும் ப்ளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வு ஒன்றை எழுதச் சொல்லுங்கள். 98 கேள்விகள், 2 மணி 14 நிமிடம், இலவசம். நடுவில் முறுக்குத் தட்டோடு அறைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்!

2024 முதல் அமெரிக்காவிலும் இது கணினித் தேர்வுதான். ஆங்கிலம், கணக்கு இரண்டிலும் இரண்டிரண்டு பாகங்கள். முதல் பாகத்தை எப்படிச் செய்தாள் என்பதைப் பொறுத்து அடுத்தது கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதானது வந்தால் உச்ச மதிப்பெண் எட்டாது. அதனால் தொடக்கத்தில் அவசரம் வேண்டாம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது. எதையும் காலியாக விடக்கூடாது.

கணக்கைத் தாளில் போட்டால்தான் கணக்கு என்போம் நாம். எனக்கும் அந்தப் பிடிவாதம் உண்டு. ஆனால் திரையிலேயே வரைபடம் போட்டுக் காட்டும் டெஸ்மாஸ் கால்குலேட்டர் இருக்கிறதே! இரண்டு சமன்பாடுகளைத் தட்டினால் கோடுகள் வெட்டும் இடத்தில் விடை. அதில் கை பழகட்டும்.

அப்புறம், சறுக்கிய பாடங்களை மட்டும் கான் அகாடமி என்ற பாட இணையதளத்தில் பார்க்கட்டும். அதுவும் இலவசம். அடுத்த மாதிரித் தேர்விலும் மதிப்பெண் நகரவில்லையா, சரி, அப்போது வகுப்பைப் பற்றிப் பேசலாம்.