'கில்லிங் தெம் சாஃப்ட்லி' படத்துக்கு விமர்சகர்கள் நல்ல பெயர் கொடுத்தும் அமெரிக்கப் பார்வையாளர்கள் இருப்பதிலேயே கடைசித் தரமான 'எஃப்' போட்டது ஏன்? இருண்ட, வன்முறையான குற்றப் படங்களை மக்கள் வெறுக்கிறார்களா?

(மூன்று படங்களின் முடிவுகளைச் சொல்லியிருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

வெறுப்பதில்லை. பிராட் பிட் நடித்த இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். 1995இல் வந்த 'செவன்' படத்துக்கு ஆன செலவு சுமார் 3.3 கோடி டாலர். உலக அளவில் 32 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பார்வையாளர்களிடம் தரம் கேட்கும் சினிமாஸ்கோர் கணக்கெடுப்பில் கிடைத்தது 'பி'. 2012 நவம்பர் 30 அன்று வெளியான 'கில்லிங் தெம் சாஃப்ட்லி'க்குச் செலவு 1.5 கோடி டாலர். முதல் வார இறுதியில் சுமார் 68 லட்சம் டாலர்தான் வந்தது, தரம் 'எஃப்'. முதல் படத்தில் கர்ப்பிணி மனைவியின் தலை பெட்டியில் வந்து சேர்கிறது. இரண்டாவதில் சாகிறவர்கள் சூதாட்டக்காரர்களும் சில்லறைக் குற்றவாளிகளும்தான். கொடூரம்தான் காரணம் என்றால் தரம் தலைகீழாக வந்திருக்க வேண்டும்.

முதலில் அந்த 'எஃப்' எப்படி வருகிறது என்று பார்க்கலாம். சினிமாஸ்கோர் ஆட்கள் வெளியீட்டு நாள் இரவில் சில நகரங்களின் திரையரங்குகளில் படம் பார்க்க வந்தவர்களிடம் சிறிய அட்டை கொடுப்பார்கள். தரம், வயது, ஆணா பெண்ணா, எதற்காக வந்தீர்கள் என்று நாலைந்து கேள்விகள்தான். காசு கொடுத்து, முதல் நாளே, தானாக விரும்பி வந்த கூட்டம் அது. அதனால் தரம் பொதுவாக உயரமாகத்தான் இருக்கும். 'பி' என்றால் சுமார், 'சி' என்றால் ஆபத்து. 'எஃப்' வாங்கிய படங்கள் இத்தனை ஆண்டுகளில் இருபத்துச் சொச்சம்தான். அவற்றில் ஜார்ஜ் க்ளூனி நடித்த 'சொலாரிஸ்' (2002), டாரன் அரனாஃப்ஸ்கியின் 'மதர்!' (2017) போன்று விமர்சகர்கள் பலர் மதித்த படங்களும் உண்டு. ஆகவே அந்த அட்டை படத்தின் தகுதிக்கான மதிப்பெண் அல்ல. எதை நம்பி உள்ளே வந்தார்களோ அது கிடைத்ததா என்பதற்கான பதில்.

என்ன நம்பி வந்தார்கள்? போஸ்டரில் துப்பாக்கியோடு பிராட் பிட். வெள்ளிக்கிழமை ராத்திரி, 2,400க்கு மேற்பட்ட திரையரங்குகள். ஒரு நட்சத்திரத்தின் துப்பாக்கிப் படம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். படத்திலோ முதல் பகுதி முழுக்க இரண்டு அழுக்குத் திருடர்களோடு போகிறது. சூதாட்ட மேஜையைக் கொள்ளையடித்து முடித்த பிறகுதான் பிட் திரைக்கே வருகிறார். வந்தவரும் துரத்துவதில்லை, சண்டை போடுவதில்லை. காருக்குள் உட்கார்ந்து, கும்பலின் ஆளாக வரும் ரிச்சர்ட் ஜென்கின்ஸோடு கூலி பேசுகிறார்.

வெளியே வந்தவர்கள் வன்முறை அதிகம் என்று சொல்லலாம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் படத்தில் நெஞ்சை அறுக்கும் காட்சி மார்க்கியை (ரே லியோட்டா) மழையில் அடிக்கும் காட்சி. மார்க்கி முன்பொரு தடவை தன் சூதாட்ட மேஜையைத் தானே ஆள் வைத்துக் கொள்ளையடித்தவன். இந்தத் தடவை அவன் செய்யவில்லை, அது நமக்குத் தெரியும். அடிக்கிறவர்களிடம் அவன் கெஞ்சுகிறான், வாந்தி எடுக்கிறான், காட்சி நீண்டுகொண்டே போகிறது. அடி எவ்வளவு பலமாக விழுகிறது என்பது இங்கே பிரச்சினை இல்லை. நிரபராதி என்று தெரிந்த ஒருவனை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், படத்துக்குள் அவனுக்காகக் குரல் கொடுக்க ஒருவரும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பிறகு மார்க்கி கொல்லப்படும் காட்சி முற்றிலும் வேறு மாதிரி. கண்ணாடிச் சில்லுகளும் மழைத்துளிகளும் மிதக்கிற மாதிரி மிக மெதுவான ஓட்டம், பின்னணியில் பழைய காதல் பாட்டு. அடி உதையை அவ்வளவு பச்சையாகக் காட்டிவிட்டுச் சாவை அழகாக்கினால், பார்ப்பவருக்கு எந்த உணர்ச்சியில் நிற்பது என்று தெரியாமல் போகிறது. இயக்குநர் ஆண்ட்ரூ டொமினிக் தெரிந்தேதான் செய்திருக்கிறார். பிட் நடித்த கோகன் தூரத்திலிருந்து கொல்வதையே விரும்புகிறவன். பக்கத்தில் போனால் அழுவார்கள், கெஞ்சுவார்கள், அது அவனுக்குச் சங்கடம். அவன் கண்ணில் கொலை அப்படித்தான் சுத்தமாக இருக்கும். இரண்டாம் முறை பார்க்கிறவருக்கு இது பிடிபடும். அட்டை நிரப்புகிறவர் முதல் முறை பார்த்தவர்.

பேச்சைப் பற்றிய புகார் இன்னும் பெரியது. ஜேம்ஸ் கேண்டல்ஃபினி நியூயார்க்கிலிருந்து வரவழைக்கப்பட்ட கூலிக்கொலைகாரன் மிக்கி. குடிக்கிறான், புலம்புகிறான், வந்த வேலையைச் செய்யாமலேயே கதையை விட்டுப் போகிறான். எனக்கு மிக்கி வரும் காட்சிகள்தான் படத்தின் உச்சம். உள்ளுக்குள் அழுகிப்போன ஒரு மனிதனை அந்த நடிகர் தோளையும் மூச்சையும் வைத்தே காட்டிவிடுகிறார். ஆனால் கதை நகரவேண்டும் என்று காத்திருப்பவருக்கு அது வீண் நேரம். துப்பாக்கியை அறிமுகப்படுத்திவிட்டுச் சுடாமல் எடுத்துப் போகிற வேலை அது.

தவறு பார்வையாளர் பக்கம் மட்டும் இல்லை. ஜார்ஜ் ஹிக்கின்ஸ் 1974இல் எழுதிய மூல நாவல் பாஸ்டனில் நடப்பது. டொமினிக் அதை 2008 நிதிநெருக்கடிக் காலத்துக்கு மாற்றினார், படம்பிடித்தது நியூ ஆர்லியன்ஸில். ஒப்புமை உண்மையிலேயே கூர்மையானது. கொள்ளைக்குப் பிறகு சூதாட்ட மேஜைகள் மூடிக்கிடக்கின்றன. ஆட்கள் திரும்பி வர நம்பிக்கை வேண்டும். அதற்காக, குற்றம் செய்யாவிட்டாலும் மார்க்கி சாகவேண்டும். வங்கிகளைக் காப்பாற்றியபோது பேசப்பட்ட தர்க்கமும் இதே சாயல்தான். இதைக் கதையே சொல்லிவிடுகிறது. அப்படியிருந்தும் காரிலும் மதுக்கடையிலும் கொள்ளை நடக்கிற இடத்திலும்கூட வானொலியோ தொலைக்காட்சியோ புஷ், ஒபாமா உரைகளை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. புரிந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னால் பாடம் நடத்துகிறார்கள் என்ற எரிச்சல் வரத்தான் செய்யும். இந்தப் புகாரில் விமர்சகர்களுக்கும் பங்கு உண்டு, நியாயமான புகார்.

அடுத்து முடிவு. கடைசிக் காட்சியில் தொலைக்காட்சியில் ஒபாமாவின் வெற்றி உரை. அமெரிக்கா ஒரு நாடே இல்லை, வியாபாரம் என்கிறான் கோகன். என் கூலியைக் கொடு என்கிறான். படம் பட்டென்று முடிகிறது. சினிமாஸ்கோர் அட்டை கைக்கு வருவது அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள். ஆகவே இம்மாதிரிப் படங்களில் அந்தத் தரம் பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்துக்கான தரம்.

'செவன்' இதே ஆபத்தைத் தாண்டியது எப்படி? ஏழு பாவங்கள் என்ற எண்ணிக்கை. கொலையாளி பாவத்துக்கு ஒரு கொலை என்று கணக்கு வைத்துச் செய்கிறான். கதையில் எங்கே நிற்கிறோம், இன்னும் எத்தனை பாக்கி என்று பார்வையாளருக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. இரண்டு பாவம் பாக்கியிருக்கும்போது கொலையாளி தானே வந்து சரணடைகிறான், அங்கே எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். முடிவு குரூரமானது, ஆனால் கணக்கு தீர்கிறது. கூடவே மார்கன் ஃப்ரீமன் நடித்த துப்பறிவாளர் சோமர்செட், பிடித்துக்கொள்ள ஒரு நல்ல மனிதர். கொலைகளில் பெரும்பாலும் நடந்து முடிந்த இடத்தைத்தான் காட்டுகிறார்கள். பெட்டிக்குள் இருப்பதைக் காட்டுவதே இல்லை. இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர் துப்பாக்கி வெடித்ததும் திரை இருண்டு முடியவேண்டும் என்று விரும்பினார். கடைசியில் சோமர்செட் சொல்லும், எழுத்தாளர் ஹெமிங்வேயின் வரி பின்னால் சேர்த்தது. அந்தச் சில நொடிகள் பார்வையாளர் மூச்சுவிடக் கிடைத்த இடம்.

'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) அந்த ஆறுதலைக்கூடத் தரவில்லை. நாயகன் என்று நாம் நம்பிய மாஸ் திரைக்கு வெளியே செத்துப்போகிறான், ஷெரீஃப் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. பிறகு அவர் தன் இரண்டு கனவுகளைச் சொல்கிறார், படம் முடிகிறது. திரையரங்குகளில் கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். ஆனாலும் 2.5 கோடி டாலர் படம் 17 கோடி வசூலித்தது, சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது. முக்கியமான வித்தியாசம் வெளியீட்டில் இருக்கிறது. முதல் வாரம் வெறும் 28 திரையரங்குகள். இயக்குநர்களான கோயன் சகோதரர்களைத் தேடி வருகிறவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். முடிவு வித்தியாசமானது என்ற பேச்சு பரவிய பிறகே திரைகள் கூடின.

இப்படிப் படம் எடுப்பவர்களும், வெளியீட்டுக்கு முன் ஆட்களை அழைத்து முன்காட்சி நடத்திக் கருத்துக் கேட்பவர்களும் கவனிக்க வேண்டியவை சில. அழைப்பில் எழுதும் ஒற்றை வரி, பிறகு போஸ்டரில் வரப்போகும் வாக்குறுதியாகவே இருக்கட்டும். இல்லையென்றால் நீங்கள் சோதிப்பது படத்தை அல்ல, அழைப்பை. 'வன்முறை அதிகமா?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். 'எந்தக் காட்சியில் கவனம் விலகியது?' என்று கேளுங்கள். எழுந்து போகிறவர்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பி வராதவர்களை மட்டும் எண்ணுங்கள். அடிதடிக் காட்சியில் எழுந்து போனால் காட்சி வேலை செய்கிறது, அந்த ஆளுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். பேச்சுக் காட்சியில் எழுந்து போனால் அலுப்பு. முதலாவதைப் பார்த்துவிட்டு ரத்தத்தை வெட்டினால் அலுப்பு அப்படியே இருக்கும், படத்தின் கூர்மை மட்டும் போய்விடும். அட்டையைக் கொடுக்கும் முன் டைட்டில் ஓடி முடியட்டும், விளக்கை உடனே போடாதீர்கள்.

'கில்லிங் தெம் சாஃப்ட்லி'யை நண்பருக்குப் பரிந்துரைப்பதென்றால் இவ்வளவு சொல்லி அனுப்புங்கள்: 97 நிமிடம், பெரும்பாலும் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது, நல்லவர் யாரும் கிடையாது, மழையில் நடக்கும் அடி நீளமானது, பிட் தாமதமாகத்தான் வருவார். இதைக் கேட்ட பிறகும் பார்க்கிறேன் என்று சொன்னால், கேண்டல்ஃபினிக்காக ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.