ரோல் பிளேயிங் கேம்களில் ஏன் இத்தனை வகை அரக்கர்கள்?

ரோல் பிளேயிங் கேம் என்பது ஒரு பாத்திரத்தை எடுத்து, சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் சேர்க்கும் விளையாட்டு. அதில் எதிரே வரும் கற்பனை உயிரினங்கள் எல்லாமே அரக்கர்கள்தான்: டிராகன், எலும்புக்கூடு, ஓநாய், கூழ் உருண்டை என்று.

ஏன் இத்தனை வகை? ஒரே எதிரி என்றால் ஒரே அடி போதும், யோசிக்க வேலையே இல்லை. பனி மிருகத்துக்கு நெருப்பு வேண்டும், பறக்கும் மிருகத்துக்கு அம்பு வேண்டும். வகை மாறும்போது நம் திட்டமும் மாற வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம், இடத்தைச் சொல்வது. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பாருங்கள். கீழே வறண்ட புதர், அப்புறம் மூங்கில், மேலே காபிச் செடியும் மிளகுக் கொடியும். பலகை இல்லாமலே எவ்வளவு உயரம் வந்துவிட்டோம் என்று தெரியும். கேமிலும் அப்படித்தான், புது அரக்கன் தென்பட்டால் புது எல்லைக்குள் வந்துவிட்டோம், ஆபத்தும் கூடியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1986இல் ஜப்பானில் வெளிவந்த டிராகன் குவெஸ்ட். மொத்த விளையாட்டும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அதனால் ஸ்லைம் என்ற கூழ் உருண்டையின் ஒரே உருவத்துக்கு நிறம் மாற்றி வேறு எதிரிகளைச் செய்தார்கள். நீலம் எளிதில் சாகும். உலோக ஸ்லைமோ அடி வாங்காது, சட்டென்று ஓடிவிடும், பிடித்து வீழ்த்தினால் நம் பலத்தைக் கூட்டும் அனுபவப் புள்ளிகள் கொட்டும். எவ்வளவு அழகான யோசனை!

நிறம் மாற்றிய அரக்கன் என்றாலே சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் பலமும் நடத்தையும் மாறினால் அது வேறு எதிரிதான்.