தவணையைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே கட்டிவிடுங்கள்

கேள்வி: வரும் தை மாதம் எனக்குத் திருமணம். திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை, பிடித்தம் போகக் கைக்கு வருவது 41,000 ரூபாய். சேமிப்பு 3.2 லட்சம் இருக்கிறது. மண்டபம், சாப்பாடு, நகை மூன்றும் அப்பா பொறுப்பு. அலங்காரம் தொடர்பான எல்லாம் என் செலவு. வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் தனித்தனி மேடை 2.75 லட்சம், போட்டோ, வீடியோ, ட்ரோன் 1.6 லட்சம், பட்டுப்புடவை இரண்டு 85,000, மேக்கப் 60,000, லெஹங்கா 45,000, ப்ரீ வெட்டிங் ஷூட் 40,000, ஆரி வேலை பிளவுஸ் 18,000. மொத்தம் 6.83 லட்சம். 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு 4 லட்சம் பர்சனல் லோன் எடுக்க நினைக்கிறேன். மொய் வந்ததும் அடைத்துவிடலாம் என்கிறார் அப்பா. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

4 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் 36 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 13,670 ரூபாய். மொத்தம் 4.92 லட்சம் கட்டுவீர்கள், அதில் வட்டி மட்டும் 92,000. உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மூன்று வருடம் காணாமல் போகும். இந்தத் தவணையைக் கட்ட முடியும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள் அல்லவா? அப்படியென்றால் அதை இந்த மாதமே தொடங்குங்கள். தைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. வங்கியில் ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகை போடும் சேமிப்புக் கணக்கு தொடங்கி, எட்டு மாதம் 13,670 வீதம் போட்டு வந்தால் 1.09 லட்சம் சேரும். தபால் அலுவலக ஆர்டி ஐந்து வருடக் கணக்கு, அதனால் உங்களுக்கு வங்கி ஆர்டிதான் சரி. இருக்கும் 3.2 லட்சத்தோடு சேர்த்தால் 4.29 லட்சம். அதில் 3.5 லட்சம் செலவு செய்யுங்கள். மீதி எழுபத்தொன்பதாயிரத்தைத் தொட வேண்டாம். புது வீட்டில் முதல் மாதமே சிலிண்டர், அட்வான்ஸ், ஆஸ்பத்திரி என்று ஏதாவது வரும்.

இனி 6.83 லட்சத்தை எப்படி 3.5-க்குள் கொண்டுவருவது? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் எதுவுமே திருப்தியாக இருக்காது. பெரிய ஓட்டை மேடையில்தான் இருக்கிறது, அங்கே கை வையுங்கள்.

முதல் நாள் இரவு வரவேற்பு முடிந்ததும் பின்னணியைப் பிரித்துவிட்டு, விடிவதற்குள் வேறொரு மேடை கட்டுவதற்காகத்தான் டெக்கரேட்டர் இரண்டு மடங்கு கேட்கிறார். ஆட்கூலி, ராத்திரி வேலை, இரண்டாவது லாரி எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. ஒரே பின்னணிச் சட்டம் போடச் சொல்லுங்கள். இரவு அதற்கு முன்னால் சோபா. காலையில் சோபாவை எடுத்துவிட்டு மணவறைக் கால்களை நிறுத்தி, தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை, வாழைமரம் வைத்தால் பார்ப்பவர்களுக்கு வேறு மேடைதான். வரவேற்பில் ஜொலித்த எல்இடி விளக்குகள் முகூர்த்த நேரத்தில் ஹோமப் புகைக்குப் பின்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பூவில் இன்னொரு விஷயம். உங்கள் கல்யாணம் தையில். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறையும், பொங்கலுக்குப் பிறகு முகூர்த்தங்கள் வரிசைகட்டும், விலை கிலோ இரண்டாயிரம் மூவாயிரம் என்று ஏறுவது வருடாவருடம் நடப்பது. மேடை முழுக்க மல்லிச்சரம் தொங்கவிடும் டிசைனை வெயில் காலத்துக் கல்யாணத்தில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். தையில் அதை நிஜப் பூவில் செய்தால் பணம் அழியும், துணிப்பூவில் செய்துவிட்டு நிஜப் பூ விலை வாங்குகிறவர்களும் உண்டு. மல்லியைத் தலைக்கும் மாலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்குச் செவ்வந்தி போதும். எத்தனை கிலோ நிஜப் பூ, எத்தனை அடி துணிப்பூ, ஜிஎஸ்டி சேர்த்த விலையா, எத்தனை மணிக்குள் வேலை முடியும் என்பதை எழுதி வாங்குங்கள். வெளி டெக்கரேட்டர் வந்தால் தனிக்கட்டணம் கேட்கும் மண்டபங்கள் உண்டு, அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். இப்படிச் செய்தால் 1.4 லட்சத்தில் மேடை முடியும்.

ப்ரீ வெட்டிங் ஷூட் வேண்டாம். வரவேற்பு அன்று ஒரு மணி நேரம் முன்னதாகத் தயாராகி, வெளிச்சம் இருக்கும்போதே மண்டப வாசலில் உங்கள் இருவரையும் எடுக்கச் சொல்லுங்கள். ட்ரோனையும் இரண்டாவது ஆல்பத்தையும் விட்டால் போட்டோ 1.1 லட்சத்தில் நிற்கும். நல்ல கேண்டிட் கேமராமேனை மட்டும் விடாதீர்கள். உங்கள் பட்டியலில் கல்யாணத்துக்கு அப்புறமும் பயன்படுகிற செலவு அது.

லெஹங்காவை வாடகைக்கு எடுங்கள், பன்னிரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். அதற்கு ஏற்ற டெம்பிள் நகை செட்டும் வாடகைக்கே கிடைக்கிறது. பட்டு ஒன்று போதும். முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது பல வீடுகளில் வழக்கம். உங்கள் இரு வீட்டிலும் எப்படி என்று பெரியவர்களை விட்டுப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் எடுக்கும் ஒன்றுக்கு 40,000 வைத்துக்கொள்ளலாம். காஞ்சிப் பட்டில் விலையைத் தூக்குவது பெரும்பாலும் ஜரிகை. அசல் வெள்ளி ஜரிகையா, சாதா ஜரிகையா என்று கேட்டு அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அவசரம் இல்லையென்றால் கோ-ஆப்டெக்ஸ் தீபாவளித் தள்ளுபடி வரை காத்திருக்கலாம், பிளவுஸ் தைக்க அதன் பிறகும் நேரம் இருக்கும். ஆரி வேலையைக் கைக்கும் முதுகுக்கும் மட்டும் போட்டால் 8,000. மேக்கப் 40,000-ல் முடியும். ஆனால் தலை அலங்காரம், புடவை கட்டுவது, அக்கா தங்கைகளுக்குப் போடுவது எல்லாம் தனி பில்லா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கூட்டிப் பாருங்கள், சரியாக 3.5 லட்சம்.

அப்பா சொல்லும் மொய்க்கு வருகிறேன். அந்தப் பணத்தில் பெரும்பகுதி அவர் இருபது முப்பது வருடமாக ஊரெல்லாம் எழுதிய மொய் திரும்பி வருவது. புதிதாக வருவதை அவர் திரும்பச் செய்ய வேண்டும். அது போக, பந்தி முடிந்ததும் சமையல்காரருக்குப் பாக்கி, மேளக்காரருக்குக் கூலி, மண்டபத்தில் கரண்ட் யூனிட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கட்டணம் என்று அன்று மாலைக்குள் மொய்ப்பையின் பாதி காலியாகிவிடும். மண்டப வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதும் சிலருக்குப் பில் கையில் வந்த பிறகுதான் தெரிகிறது. இதை நம்பி உங்கள் பெயரில் கடன் வாங்குவது சரியில்லை.

வருமான வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தை ஒட்டி உங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் வரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. இந்த விலக்கு மணமக்களுக்குத்தான், பெற்றோர் பெயரில் வாங்குவதற்கு இல்லை. அதனால் பெரிய தொகை தருகிறவர்களிடம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள். அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: ஒரு நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. நாலு தடவையாகப் பிரித்துக் கொடுத்தாலும் கணக்கு ஒன்றுதான். அபராதம் வாங்கியவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே. மண்டபக்காரரும் நகைக்கடைக்காரரும் "கேஷ்னா குறைச்சுக்கறேன்" என்று சொன்னால், செக்கிலோ வங்கி மூலமோதான் தருவேன் என்று சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, மாப்பிள்ளையிடம் இந்த வாரமே பேசுங்கள். வரவேற்புச் செலவுக்கு அவரும் இதே மாதிரி லோன் யோசனையில் இருக்கலாம். அது தெரியாமல் நீங்கள் மட்டும் சிக்கனம் பார்த்தால், பிப்ரவரியிலிருந்து அவருடைய தவணையையும் சேர்ந்துதான் சமாளிக்க வேண்டியிருக்கும்.