படக்கதையை இசை நாடகமாக்கும்போது படங்களை என்ன செய்வது?

நீங்கள் வரைந்த கதையை மேடை இசை நாடகமாக்கினால் படங்கள் என்னவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவை செய்த வேலையைப் பாட்டிடம் கொடுத்துவிடுங்கள். அலிசன் பெக்டெல் தன் சொந்த வாழ்க்கையை வரைந்த படக்கதையான ‘ஃபன் ஹோம்’ (2006) இதற்கு அருமையான பாடம். படங்களோடு வரும் குறிப்புகள்தான் அந்தப் புத்தகத்தின் குரல். அதை இசை நாடகமாக்கியபோது, வசனமும் பாடல்களும் எழுதிய லிசா குரோனும் இசையமைப்பாளர் ஜீனின் டெசோரியும் அந்தக் குரலை ஒரு பாத்திரமாகவே ஆக்கினார்கள்: 43 வயது அலிசன் மேடையில் நின்று வரைகிறார், அவருடைய சிறுவயதும் கல்லூரிப் பருவமும் கண்ணெதிரே நடமாடுகின்றன. உணவகத்தில் ஒரு பெண்ணைச் சிறுமி அலிசன் பார்ப்பது புத்தகத்தில் சட்டென்று முடிந்துவிடும். மேடையில் கதை அங்கேதான் நிற்கிறது. குட்டை முடி, பூட்ஸ், சாவிக்கொத்து என்று சிறுமி ஒவ்வொன்றாய் வியக்க ஒரு முழுப் பாட்டு. அப்புறம், அவசரமே வேண்டாம். பல வருடம் திருத்தி எழுதிய பிறகுதான் இந்த நாடகம் 2013-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. 2015-இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருது.